சுருட்டிய பாயைத் தின்னும் வெயில்: வாசகர் கேள்வி – பதில்

பாய்மரப் படகு வைத்திருக்கும் வாசகர்கள் எழுதிய கடிதங்களில், சுருட்டு முன்பாயை வெயிலிலிருந்து காப்பது பற்றியவற்றை இந்த இதழுக்காகத் தொகுத்துள்ளோம். படகுடன் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இத்தகைய படகுகளில் ஜெனோவா எனப்படும் முக்கோண முன்பாய், படகின் முனையிலிருந்து பாய்மரத்தின் உச்சிவரை செல்லும் எஃகுக் கம்பியின் மேல் பொருத்திய அலுமினியக் குழலில் மாட்டப்பட்டிருக்கும். குழலின் அடியில் உள்ள டிரம்மில் சுற்றிய கயிற்றை இழுத்தால், குழல் சுழன்று பாய் அதன்மேல் சுருண்டுகொள்ளும். பாயை ஒவ்வொரு முறையும் இறக்கி மடித்து உள்ளே வைக்க வேண்டியதில்லை என்பதால்தான் இந்தப் பொறி எங்கும் பரவியது. பாய் ஆண்டு முழுவதும் வெயிலில் நிற்பதற்கும் அந்த வசதியே காரணம். அதைக் காக்கவே, சுருண்டபின் வெளியே தெரியும் ஓரத்தில் வெயில் தாங்கும் துணிப் பட்டை ஒன்றைத் தைக்கிறார்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு 32 அடி நீளமுள்ள பழைய படகு ஒன்றை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே கடலுக்குச் செல்கிறேன். மற்ற நாட்களில் முன்பாய் சுருட்டியபடியே நிற்கிறது. அதன் ஓரத்தில் தைத்துள்ள நீலப் பட்டை வெளுத்துவிட்டது. தையல் பல இடங்களில் விட்டுப்போய், பட்டை காற்றில் படபடக்கிறது. பாயே கெட்டுவிட்டதா, அல்லது பட்டையை மட்டும் மாற்றினால் போதுமா?
— வாசகர், பினாங்கு

பதில்: பாய் கெட்டுவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன் அதை இறக்கி, நிழலான ஓரிடத்தில் முழுமையாக விரித்துப் பாருங்கள். இத்தகைய நிலையில் பெரும்பாலும் போயிருப்பது பட்டையின் தையல்தான். சில சமயம் பட்டை. அதற்குப் பிறகே பாய்.

உங்கள் பாய் எப்போது மூப்படைகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையில் உள்ள பினாங்கில் ஆண்டு முழுவதும் பகல் சுமார் 12 மணி நேரம் நீடிக்கிறது. வாரத்திற்கு 84 மணி நேரப் பகலில், ஞாயிறன்று 4 மணி நேரம் பாய் விரிந்திருந்தால், எஞ்சிய 80 மணி நேரமும் அது சுருண்ட நிலையில்தான் வெயிலைப் பெறுகிறது. விரிந்திருக்கும்போது வெயில் முழுப் பரப்பிலும் பரவி விழுகிறது; சுருண்டிருக்கும்போதோ பின்விளிம்பையும் அடிவிளிம்பையும் ஒட்டிய ஒரே கீற்றுதான் நாள்தோறும் அத்தனை வெயிலையும் தாங்குகிறது. ஆகவே பாய் தேய்வது ஓடும்போதைவிடச் சும்மா நிற்கும்போதுதான் அதிகம். வானம் மூடியிருக்கிறது என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. மெல்லிய மேகம் புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைக் கீழே விட்டுவிடும்.

உங்கள் பாய்த்துணி, டேக்ரான் என்று வழங்கும் பாலியெஸ்டராக இருக்கலாம். 1941 இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கிய இழையின் வழிவந்தது அது. ஈரத்திற்கும் பூஞ்சைக்கும் அது அசையாது. ஆனால் புற ஊதாக் கதிர், குறிப்பாக ஏறத்தாழ 315 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள பகுதி, அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஆங்காங்கே அறுக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தச் சிதைவுக்குத் துணைபோகிறது. இழை தன் வளைந்துகொடுக்கும் தன்மையை இழந்து நொறுங்கத் தொடங்குகிறது. மொட்டை மாடியில் கட்டிய பிளாஸ்டிக் கொடிக்கயிறு சில கோடைகளுக்குப் பின் கையில் மாவாக உதிர்வதைக் கண்டிருப்பீர்கள். பொருள் வேறானாலும் நிகழ்வது அதுவே. கண்ணுக்கு நிறம் மாறித் தெரிவதற்கு முன்பே வலிமை குறைந்திருக்கும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

நூல் முதலில் போவதற்குக் காரணம் உண்டு. பாய்த்துணி மிக நெருக்கமாக நெய்யப்பட்டு விறைப்பாக இருப்பதால், தையல் நூல் அதில் அமிழாமல் மேலே புடைத்து நிற்கிறது. வெயிலும் நேராக அதன்மேல் விழுகிறது, கயிறுகளும் அதன்மேல்தான் உராய்கின்றன. எனவே சோதனையை நூலிலிருந்து தொடங்குங்கள். கட்டைவிரல் நகத்தால் தையலைக் குறுக்காக அழுத்திச் சுரண்டுங்கள். நூல் அறுந்தால் அந்த வரிசை முழுவதையும் மறுபடி தைக்க வேண்டும். அடுத்து, பட்டை விட்டுப்போன இடத்தில் அதைத் தூக்கி, கீழே உள்ள பாய்த்துணியைப் பாருங்கள். சுருளின் உள்மையத்தில் எப்போதும் இருட்டிலேயே இருக்கும் முன்விளிம்புத் துணிதான் உங்களுக்கு அளவுகோல். இரண்டையும் மடித்து நகத்தால் கோடிட்டு விரியுங்கள். ஊசியின் முனையை இரண்டிலும் குத்திப் பாருங்கள். பின்விளிம்புத் துணி மடிப்பில் வெடித்தாலோ, ஊசித் துளையிலிருந்து கிழிசல் ஓடினாலோ, அந்தப் பகுதி தேறாது. அப்போதும் முழுப் பாயையும் தூக்கி எறியத் தேவையில்லை. பின்விளிம்பில் ஒரு கீற்றை வெட்டியெடுத்துப் பாயைச் சற்றுச் சிறிதாக்கித் தரும் பாய் தைப்பவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு உலாவுக்கு அந்தக் குறைவு ஒரு பொருட்டே அல்ல.

எப்படியாயினும் படபடக்கும் பட்டையை அப்படியே விட்டுவைக்காதீர்கள். பிரிந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காற்று உள்ளே நுழைந்தால், இரவில் வீசும் ஒரு சூறையில் சுருள் தளர்ந்து, ஆளில்லாத படகில் பாய் தானாக விரிந்துவிடும். வெயில் பல ஆண்டுகளில் செய்யும் சேதத்தை அது ஒரு மணி நேரத்தில் செய்து முடித்துவிடும்.

கேள்வி: பட்டையை மாற்ற முடிவு செய்துவிட்டேன். அக்ரிலிக் கான்வாஸில் தைக்கலாம் என்கிறார் ஒருவர். வெயில் தாங்கும் பூச்சுள்ள டேக்ரானே போதும், எடை குறைவு என்கிறார் மற்றொருவர். எதைத் தேர்ந்தெடுப்பது? பட்டையின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும்?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: பந்தயத்தில் ஓடாத படகு என்றால், தயங்காமல் அக்ரிலிக்கைத் தேர்ந்தெடுங்கள்.

சன்பிரெல்லா போன்ற அக்ரிலிக் துணிகளில், இழையை நூற்பதற்கு முன்பே நிறமியை மூலப்பொருளில் கலந்துவிடுகிறார்கள். ஆதலால் நிறம் மேற்பூச்சாக இல்லாமல் இழையின் உள்வரை செல்கிறது. அக்ரிலிக் பாலிமரும் தரையை வந்தடையும் வெயிலின் புற ஊதாப் பகுதியைக் குறைவாகவே உள்வாங்குவதால், பாலியெஸ்டரைவிட நெடுநாள் உறுதியாக நிற்கிறது. 1961 முதல் சந்தையில் இருக்கும் சன்பிரெல்லாவின் படகுத் துணிக்கு உற்பத்தியாளர் 10 ஆண்டு உத்தரவாதம் தருகிறார். ஆனால் அந்த உத்தரவாதம் துணிக்கு உரியது, அதைப் பிடித்து நிறுத்தும் தையலுக்கு உரியதல்ல என்பதை மறக்க வேண்டாம்.

இதன் குறை எடைதான். படகுக்கு உரிய அக்ரிலிக் துணி ஒரு சதுர மீட்டருக்கு 310 கிராம் அளவில் இருக்கும். பின்விளிம்பும் அடிவிளிம்பும் சேர்ந்து 16 மீட்டர், பட்டையின் அகலம் அரை மீட்டர் என்று கொண்டால், 8 சதுர மீட்டர் துணி. ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. அந்த எடை முழுவதும் பாயின் ஓரத்தில் தொங்குவதால், காற்று மெலிந்த நாட்களில் பின்விளிம்பு தளர்ந்து உள்நோக்கி வளையும். பாயின் வடிவம் கெடும். பூச்சுள்ள டேக்ரான் ஏறத்தாழ பாதி எடைதான். பாயோடு ஒரே மாதிரி நீண்டு சுருங்குவதால் சுருக்கமும் விழாது. ஆயினும் அதன் பாதுகாப்பு பூச்சில் இருக்கிறது, பூச்சோ சில ஆண்டுகளில் தீர்ந்துவிடுகிறது. எனக்கு அதில் பெரிய குறையாகத் தெரிவது, தீர்ந்துவிட்டதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதே. பட்டை வெள்ளை வெளேரென்று நன்றாகவே இருக்கும், கீழே பாய் அழிந்துகொண்டிருக்கும். வெளுத்துப்போய்த் தன் வயதைச் சொல்லிவிடும் நீல அக்ரிலிக் இவ்வகையில் நேர்மையானது.

ஒட்டும் பசையுடன் வரும் மெல்லிய பட்டைகளும் உண்டு. தையல் இல்லை, எடையும் மிகக் குறைவு என்பதால் பந்தயக்காரர்கள் அவற்றை விரும்புகிறார்கள். வெப்பமண்டலத்தில் ஆண்டு முழுவதும் நிறுத்திவைக்கும் படகுக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அகலத்தைக் கணக்குப் போட்டு அறிவதைவிடப் பாயையே கேட்டுவிடுவது நல்லது. வழக்கமாகச் சுருட்டும் விதத்தில் பாயைச் சுருட்டி, வெளியே தெரியும் துணியின் எல்லையைக் கீழே கை எட்டும் இடத்திலும், பாய்மரத்தில் ஆள் ஏறி நடுவிலும் மேலேயும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாயை விரித்து, குறிகளை இணைத்து, அதற்குமேல் 8 அல்லது 10 சென்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள். சிறிய படகுகளில் இது 30 சென்டிமீட்டர் அளவிலும், பெரியவற்றில் 60 சென்டிமீட்டர் வரையிலும் வரலாம். கயிறு கட்டும் பின்மூலையில் மட்டும் பட்டையை இன்னும் அகலமாக வெட்டச் சொல்லுங்கள். சுருள் தடித்து, மூலை வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் வெயில் மிகுதியாகப் படும் இடம் அதுதான்.

கேள்வி: புதிய பட்டை தைத்து ஓராண்டாகிறது. சுருட்டும் கயிறு பழசாகிவிட்டதால் அண்மையில் அதையும் மாற்றினேன். இப்போது பாயைச் சுருட்டினால் பட்டை உள்ளே போய், வெள்ளைத் துணி வெளியே தெரிகிறது. பாய் தைத்தவர் தவறான பக்கத்தில் தைத்துவிட்டாரா?
— வாசகர், பிரிஸ்பேன்

பதில்: அவர் மேல் தவறில்லை. கயிறு மாற்றியபோது டிரம்மில் எதிர்த்திசையில் சுற்றிவிட்டீர்கள்.

பட்டை பாயின் ஒரு பக்கத்தில் மட்டுமே தைக்கப்படுகிறது. எனவே பாய் ஒரே ஒரு திசையில் சுருண்டால்தான் பட்டை வெளிப்புறமாக அமையும்; அந்தத் திசையைத் தீர்மானிப்பது டிரம்மில் கயிறு எந்தப் பக்கமாகச் சுற்றப்பட்டிருக்கிறது என்பதே. பொறியின் அமைப்பை நினைவில் கொள்ளுங்கள்: பாய் முழுவதும் விரிந்திருக்கும்போது டிரம் கயிற்றால் நிறைந்திருக்கும், பாய் சுருண்டிருக்கும்போது கயிறு இழுக்கப்பட்டு, டிரம் ஏறக்குறைய காலியாக இருக்கும். காற்றில்லாத ஒரு காலையில் பாயை முழுவதும் விரித்து, டிரம்மிலுள்ள கயிற்றைக் கழற்றி, மறுதிசையில் சுற்றிவிடுங்கள். பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிறுகளைச் சுருளின் மேல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டுவதற்குத் தேவையான கூடுதல் சுற்றுகளையும் டிரம்மில் இப்போதே சேர்த்துவிட வேண்டும். அவை இல்லாவிட்டால் பாய் முழுவதும் சுருளும் முன்பே கயிறு தீர்ந்துவிடும்.

சுருட்டும் திசை சரியாக இருந்தும் வெள்ளைத் துணி எட்டிப்பார்க்கிறது என்று எழுதும் வாசகர்களும் உண்டு. அவர்களுடைய பாய் தளர்வாகச் சுருட்டப்படுகிறது என்பதே பெரும்பாலும் காரணம். காற்றே இல்லாதபோது சும்மா இழுத்துச் சுருட்டினால் சுருள் பருத்து, அதன் சுற்றளவு பட்டையின் அகலத்தை மீறிவிடுகிறது. இளங்காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு, ஒருவர் ஷீட் கயிற்றை லேசாகப் பிடித்து எதிர்விசை கொடுக்க, மற்றவர் சுருட்டும் கயிற்றை இழுத்தால் சுருள் இறுக்கமாக அமையும். தனியாகப் போகிறவர்கள் ஷீட் கயிற்றை, கயிறு இழுக்க உதவும் உருளையான வின்ச்சில் ஒரு சுற்று விட்டு உராய்வால் இந்த எதிர்விசையைப் பெறலாம்.

குயின்ஸ்லாந்தின் கோடையில் நண்பகல் புற ஊதாக் குறியீடு 11 ஐத் தாண்டுவது வழக்கம். அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் அளவீட்டில் மிக உச்சமான படிநிலை. அந்த வெயிலில், பட்டை உள்ளே இருந்தபடி ஒரு பருவத்தைக் கழிப்பது பட்டையே இல்லாத பாயை நிறுத்திவைப்பதற்குச் சமம். ஆகவே இதை அடுத்த மாதத்திற்குத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பட்டையின் துணி நன்றாகவே இருக்கிறது, நூல் மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அறுந்துவிடுகிறது. வெயில் பாதிக்காத விலையுயர்ந்த நூல் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தச் செலவுக்கு அது தகுமா? நானே கையால் தைக்க முடியுமா?
— வாசகர், லங்காவி

பதில்: தகும். பாயின் பாதுகாப்பிற்கென்று ஒதுக்கிய பணத்தில் முதலில் நூலுக்குச் செலவிடுங்கள் என்றே நான் சொல்வேன்.

நீங்கள் கேள்விப்பட்டது பி.டி.எஃப்.இ. நூல், டெஃப்லான் என்று சமையலறையில் நாம் அறிந்த அதே பொருள். கோர் நிறுவனத்தின் டெனாரா இவ்வகையில் பெயர்பெற்றது. கார்பனுக்கும் ஃபுளோரினுக்கும் இடையிலுள்ள பிணைப்பு மிக வலுவானது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை இந்தப் பொருள் உள்வாங்குவதும் இல்லை. ஆகையால் வெயில் அதனிடம் தோற்றுவிடுகிறது. அதே நீளத்திற்குப் பாலியெஸ்டர் நூலைவிடப் பல மடங்கு விலை என்பது உண்மைதான். ஆனால் பாயை இறக்கி, கரைக்குச் சுமந்து, பழைய நூலைப் பிரித்து, பின்விளிம்பு முழுவதையும் இயந்திரத்தில் ஓட்டி, மறுபடி ஏற்றுவதற்கான கூலியோடு ஒப்பிட்டால் நூலின் விலை சிறியது. அந்தக் கூலியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொடுப்பதா, பட்டையின் ஆயுளில் ஒரேயொரு முறை கொடுப்பதா என்பதே கேள்வி.

எல்லாத் தையலுக்கும் இதையே பயன்படுத்த வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல. ஒரே பருமனுள்ள பாலியெஸ்டர் நூலை நோக்க இதன் இழுவிசைத் தாங்குதிறன் குறைவு. விசை தொடர்ந்து இருந்தால் சற்றே நீளவும் செய்யும். பாயின் துண்டுகளை இணைக்கும் தையல்களிலும் மூலைகளிலும் வி-92, வி-138 போன்ற பருமன் எண்ணுள்ள பாலியெஸ்டர் நூல்களே உரியவை. அவற்றுள் பட்டைக்கு அடியில் மறைந்திருப்பவற்றை வெயில் தொடாது. பட்டையைப் பாயோடு பிணைக்கும் தையலுக்கு இழுவிசை அதிகம் இல்லை, வெயில் அதிகம்; அங்கேதான் பி.டி.எஃப்.இ. நூலின் இடம். நூல் வழுக்கும் தன்மையது என்பதால் தையல் இயந்திரத்தின் நூல் இறுக்கத்தை அதற்கேற்ப மாற்றி, முதலில் துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். முடிச்சு தானாகக் கழன்றுவிடும். ஒவ்வொரு தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் சில சென்டிமீட்டர் பின்னோக்கித் தைத்துப் பூட்ட வேண்டும்.

கையால் தைப்பது சிறு பழுதுகளுக்குப் போதும். ஓரிரு அடி நீளத்திற்குத் தையல் விட்டிருந்தால், மெழுகு பூசிய நூலும் முக்கோண முனையுள்ள பாய் ஊசியும் உள்ளங்கையில் மாட்டும் தோலுறையும் கொண்டு, பழைய துளைகளிலேயே ஊசியைச் செலுத்தித் தைக்கலாம். புதிய துளைகளை நெருக்கமாகப் போடுவது துணியைத் தபால் தலைத் தாள்போல் ஆக்கிவிடும். பட்டை முழுவதையும் கையால் தைப்பது பற்றிச் சொல்வதானால், ஓய்வுபெற்றவராக இருந்தால் முயலுங்கள். வீட்டுத் தையல் இயந்திரம் ஒற்றை அடுக்கில் ஓடும். பல அடுக்குத் துணி தடித்து நிற்கும் பின்மூலைக்கு வந்ததும் நின்றுவிடும். தைப்பதற்கு முன் இருபுறமும் ஒட்டும் நாடாவால் பட்டையைப் பாய்மேல் ஒட்டி நிறுத்திக்கொண்டால், துணி நகர்ந்து சுருக்கம் விழுவதைத் தவிர்க்கலாம். விளிம்பைச் சூடான கத்தியால் வெட்டினால் இழை பிரியாது.

கேள்வி: என்னுடையது பந்தயப் படகு. பிளாஸ்டிக் மென்படலமும் கெவ்லார் போன்ற அராமிட் இழையும் அடுக்கடுக்காக ஒட்டிய லாமினேட் பாயில் அக்ரிலிக் பட்டை தைத்து எடை கூட்ட விருப்பமில்லை. சுருட்டிய பாய்க்கு மேல் ஏற்றும் நீண்ட உறை போதுமா?
— வாசகர், ஆக்லாந்து

பதில்: உங்கள் நிலையில் உறை பொருத்தமானதுதான்; அதைவிடப் பொருத்தமானது, பந்தயம் முடிந்ததும் பாயை இறக்கி உள்ளே வைத்துவிடுவது.

நியூசிலாந்தின் கோடை வெயில், வட அரைக்கோளத்தில் அதே அட்சரேகையில் உள்ள ஊர்களின் கோடை வெயிலைவிடப் புற ஊதாக் கதிர் மிகுந்தது. ஓசோன் படலம் அங்கே மெலிந்திருப்பது, காற்று மாசற்று இருப்பது, தென் அரைக்கோளத்துக் கோடையின்போது பூமி சூரியனுக்குச் சற்று அருகில் வருவது ஆகிய மூன்றும் அதற்குக் காரணங்கள். அராமிட் இழையோ, கெவ்லார் என்ற பெயரில் 1960களில் டுபாண்ட் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த காலம் முதலே இழுவிசையில் எஃகோடு போட்டியிடுவதற்கும் வெயிலில் விரைவாக வாடுவதற்கும் பெயர்பெற்றது. அதன் பொன்னிறம் பழுப்பாக மாறுவதே அதன் வலிமை குறைவதன் அடையாளம். இத்தகைய பாயைப் பாதுகாப்பின்றிச் சுருட்டி நிறுத்திவைப்பது பணத்தைக் கொளுத்துவதாகும்.

பாயை உச்சிக்கு ஏற்றும் கயிற்றுக்கு ஹேல்யார்ட் என்று பெயர்; உபரியாக உள்ள ஒரு ஹேல்யார்ட் கயிற்றால் உறையை மேலே ஏற்றுவார்கள். ஏற்ற ஏற்ற அதன் நீண்ட ஜிப்பைக் கீழிருந்தபடியே மூடிக்கொண்டு வந்து, இறுதியில் வெளிப்புறமாக ஓடும் கயிற்றை இழுத்து உறையைச் சுருளோடு இறுக்க வேண்டும். இந்த இறுக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தளர்ந்த உறை இரவு முழுவதும் படபடத்து, தானும் கிழிந்து, உள்ளே இருக்கும் பாயையும் தேய்த்து, பக்கத்துப் படகுக்காரர்களின் தூக்கத்தையும் கெடுக்கும். ஈரப் பாயின் மேல் உறையை ஏற்றாதீர்கள். லாமினேட்டின் அடுக்குகளுக்கு இடையே பூஞ்சை புகுந்தால் அதைக் கழுவி எடுக்க வழியில்லை. மற்றொன்று, உறை மூடியிருக்கும்போது முன்பாய் உங்களுக்கு உடனடியாகக் கிடைக்காது. துறையைவிட்டு வெளியேறும்போது எஞ்சின் நின்றுவிட்டால் சில நொடிகளில் விரிக்கக்கூடிய பாய் ஒன்று வேண்டும். ஆகவே எஞ்சினை இயக்கிப் புறப்படுவதற்கு முன்பே உறையைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: என் படகில், பாய்மரத்துக்குப் பின்னே விரியும் பெரும்பாயும் பாய்மரத்தின் உள்ளேயே சுருண்டுகொள்கிறது. அதற்கும் பட்டை வேண்டுமா?
— வாசகர், போர்ட் கிள்ளான்

பதில்: நீண்ட பட்டை வேண்டாம். பாய் முழுவதும் உள்ளே போனாலும் கயிறு கட்டிய பின்மூலை மட்டும், பாய் நுழையும் பாய்மரப் பிளவுக்கு வெளியே எட்டிப்பார்க்கும். அந்த முக்கோணத்திற்கும், பிளவை ஒட்டி மேலே செல்லும் விளிம்புக்கும் இருபுறமும் அக்ரிலிக் துண்டுகளைத் தைத்தால் போதும். அவை தடித்தால் பிளவில் சிக்கும் என்பதால் ஓரங்களைப் பல முறை மடிக்காமல் தைக்கச் சொல்லுங்கள். மூலையைப் பிடித்திழுக்கும் கயிறும் வெயிலிலேயே கிடப்பது. அதையும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

கேள்வி: வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும் படகைப் பயன்படுத்துவதில்லை. அந்த மாதங்களில் வெயிலும் குறைவு என்பதால் பாயைச் சுருட்டியபடியே விட்டுவைக்கலாமா?
— வாசகர், சென்னை

பதில்: விட்டுவைக்க வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் வெயிலைவிடப் புயலே முதன்மையான அச்சம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய காற்றில் சுருட்டிய பாயின் ஓரம் சிறிது பிரிந்தாலே போதும்; பாய் கிழிவதோடு நிற்காமல், அதன் அதிர்ச்சியில் முன்கம்பியும், கம்பி போனால் பாய்மரமும் போகக்கூடும். அதோடு, மழையில்லாத நாட்களில் சென்னையின் டிசம்பர் வெயில் ஐரோப்பியக் கோடைக்கு இளைத்ததல்ல.

பருவமழை தொடங்குவதற்கு முன், கடற்காற்று எழும்பும் முற்பகலுக்கு முன்னதாக, இருவராகச் சேர்ந்து பாயை இறக்குங்கள். பாயை முழுவதும் விரித்து, ஹேல்யார்ட் கயிற்றை மெல்லத் தளர்த்தி, ஒருவர் முன்விளிம்பைக் குழலின் பள்ளத்திலிருந்து நேராகக் கீழ்நோக்கி இழுக்க, மற்றவர் துணி கடலில் விழாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். கரையில் நன்னீரால் உப்புப் போகக் கழுவுங்கள். உப்புப் படிகங்கள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துணியை எப்போதும் நனைந்தபடி வைத்திருக்கும். கழுவிய பாயை நிழலில் உலர்த்துங்கள். காப்பதற்காக இறக்கிய பாயை இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் காயவைப்பவர்களும் இருக்கிறார்கள்! நன்கு உலர்ந்தபின் தளர்வாகச் சுருட்டி, எலி எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

பாயை இறக்கிய பிறகு பாய்மரத்தில் வெறுமனே தொங்கும் கயிறுகளும் பாலியெஸ்டர்தான். ஹேல்யார்ட் கயிற்றின் முனையில் மெல்லிய மலிவான கயிறொன்றைத் தைத்து இணைத்து, அதைப் பாய்மரத்தின் வழியே இழுத்துவிட்டால், விலையுயர்ந்த கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்துவிடலாம். மீண்டும் வேண்டும்போது மெல்லிய கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். டிரம் தானாகச் சுழலாதபடி சுருட்டும் கயிற்றைக் கட்டிவைக்கவும் மறவாதீர்கள்.

கேள்வி: வெயிலிலிருந்து காக்கும் ஸ்ப்ரேக்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைப் பாய் முழுவதும் அடித்துவிட்டால் பட்டை தேவையில்லை அல்லவா? பட்டையில் பாசி பிடித்தால் பிளீச்சால் கழுவலாமா?
— வாசகர், ஜொகூர் பாரு

பதில்: ஸ்ப்ரே பட்டைக்கு மாற்றாகாது. அக்ரிலிக் துணியின் நீர் ஒட்டாத தன்மை குறைந்துவரும்போது அதைப் புதுப்பிக்க இவ்வகைத் திரவங்கள் உதவும்; வெப்பமண்டல மழையில் கரைந்துபோகும் மெல்லிய படலத்தை நம்பி டேக்ரானை ஆண்டு முழுவதும் வெயிலில் நிறுத்துவது வீண்.

பருத்திப் பாய்களின் காலத்தில் பகை ஈரமாக இருந்தது. பாய் உளுத்துப்போகாமலிருக்க மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துச் செம்பழுப்பாக்கினார்கள். பாலியெஸ்டரிலும் அக்ரிலிக்கிலும் பூஞ்சை இழையைத் தின்பதில்லை, மேலே படிந்த அழுக்கைத்தான் தின்கிறது. எனவே கறை அழகைக் கெடுக்குமே தவிர வலிமையைக் கெடுக்காது. மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் மிருதுவான தூரிகையும் முதலில் போதும். அதற்கும் போகாத பாசிக்கு, அக்ரிலிக் பட்டையில் மட்டும் நன்கு நீர்த்த பிளீச்சைப் பயன்படுத்தி உடனே நன்னீரால் அலசிவிடலாம். நைலான் பாயிலும் அராமிட் பாயிலும் பிளீச் ஒரு துளியும் படக்கூடாது. எந்தப் பாயையும் சலவை இயந்திரத்தில் போடாதீர்கள். துணிக்கு விறைப்பைத் தரும் பிசின் உடைந்து, பாய் வேட்டிபோல் துவண்டு வெளியே வரும்.